எந்த ஊர், எந்தத் தெரு

ஒருவர் நடந்துபோன வழியில் இன்னொருவர் போய்ப் பார்ப்பதில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, வழியைத் தெரிந்துகொள்வது. இது சுலபம். சாவடிகள் இடிந்திருக்கலாம், புளிய மரங்கள் போயிருக்கலாம், ரோடு நாலு மடங்கு அகன்றிருக்கலாம். ஆறும் கடலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். மற்றது, அவர் ஏன் நடந்தார் என்று தெரிந்துகொள்வது. இதில்தான் சிக்கல். காரணம் வழியில் கிடப்பதில்லை. நடந்தவர் சொல்வது ஒன்றாகவும் நமக்குப் படுவது வேறாகவும் இருக்கும்போது, அவருடைய பிரயாணத்தின் உண்மை எது, அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. நடந்தவர் தகப்பனாராகவும் பின்னால் போகிறவர் மகனாகவும் இருந்துவிட்டால் கேள்வி வெறும் அறிவு சம்பந்தப்பட்டதாக நின்றுவிடுவதில்லை. ஒருவரின் வாழ்க்கைக்கு அவர் சம்மதம் இல்லாமல் அர்த்தம் கொடுக்கலாமா என்பதாக அது மாறிவிடுகிறது.

கீர்க்கெகார்டின் தகப்பனார், ஜட்லாந்துப் பொட்டல்வெளியில் ஆடு மேய்த்த ஏழைச் சிறுவனாக இருந்தபோது, பசியும் குளிரும் தாங்காமல் ஒருநாள் கடவுளைச் சபித்தார். பின்னால் கோபன்ஹேகனில் வசதியுள்ள வியாபாரியானார். ஆனாலும் அந்தக் கணம் தன் குடும்பத்தின்மேல் கவிந்திருப்பதாகவே நம்பினார். 1838-இல் அவர் இறந்தார். 1840-இல் மகன் தகப்பனாரின் பிறந்த ஊரான சேதிங்குக்குப் போனார். இதில் என் கவனத்துக்குரிய விஷயம், அவர் போனது தகப்பனார் இறந்த பிறகு என்பதுதான். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார். மகன் என்ன அர்த்தத்தைக் கொண்டுபோய் அந்த வெளியில் வைத்தாலும் அது அங்கே தங்கிவிடும். உயிரோடிருக்கும் தகப்பனாரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு அவர் போன வழியில் போவது முற்றிலும் வேறு காரியம். அவர் குறுக்கிடுவார்.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நானும் அப்பாவும் வேளாங்கண்ணிக்குப் போய்வந்தோம்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 1968-இல் அது தென்னார்க்காடு ஜில்லா. விழுப்புரம் மாவட்டம் என்று ஒன்று 1993-இல்தான் ஏற்பட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில், தன் இருபத்து மூன்றாம் வயதில், எங்கள் தெருவைச் சேர்ந்த ஆறு பேரோடு அப்பா வேளாங்கண்ணிக்கு நடந்தார். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் தாண்டிச் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். ஏறக்குறைய 200 கிலோமீட்டர்; எட்டு நாள். காவி வேட்டி, தோளில் ஒரு துணி மூட்டை, அதில் அவல், வெல்லம், ஒரு கட்டு மெழுகுவர்த்தி. போப் இருபத்து மூன்றாம் ஜான் வேளாங்கண்ணிக் கோவிலை பசிலிக்கா அந்தஸ்துக்கு உயர்த்தி அப்போது ஆறு வருஷமாகியிருந்தது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்துகொண்டிருந்த காலம். செப்டம்பர் 7 இரவு பெரிய தேரைப் பார்த்துவிட்டு, மறுநாள் திருவிழாப் பூசையும் கண்டு, நாகப்பட்டினத்தில் மீட்டர் கேஜ் ரயிலேறி, திருவாரூர், மாயவரம் வழியாக விழுப்புரத்தில் வந்து இறங்கினார்கள். எட்டு நாள் நடந்த தூரத்தை நாங்கள் ஒரு வாடகைக் காரில் அரை நாளில் கடந்தோம். அப்பா நிறுத்தச் சொன்ன இடங்களில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. "இங்க ஒரு கெணறு இருந்தது" என்பார். அவருக்கு ஞாபகத்தில் இருந்ததெல்லாம் தண்ணீர் கிடைத்த இடங்களும் கால் கொப்பளித்த இடங்களுமே. கோவில்களையோ கோபுரங்களையோ அவர் சொல்லவில்லை.

அப்பா சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. அந்த வருஷம் அவருடைய அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. மாதாவுக்கு வேண்டிக்கொண்டார். தகட்டில் செய்த இரண்டு கண்களைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, மாதா குளத்துத் தண்ணீரை ஒரு புட்டியில் கொண்டுவந்தார். பாட்டி அதற்குப் பிறகு பதினாலு வருஷம் இருந்தாள். பார்வை திரும்பியதா என்று கேட்டால், "அரிசியில கல்லு பொறுக்குனா" என்பதுதான் அவருடைய பதில். அதற்கு மேல் அவர் எதையும் நிரூபிக்க முயல்வதில்லை.

எனக்குப் படும் காரணம் வேறு. எங்கள் ஊரிலேயே நூறு வருஷப் பழமையுள்ள ஒரு மாதா கோவில் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிக்கொள்ள மாதா நூறு கெஜ தூரத்தில் இருக்கும்போது 200 கிலோமீட்டர் எதற்கு? அந்தக் கோவிலில் எங்கள் தெரு ஜனங்கள் உட்காருவது இடப்பக்கச் சிறகில். நன்மை வாங்குவது கடைசியில். திருவிழாத் தேர் ஊர்த்தெருக்களைச் சுற்றிவந்து எங்கள் தெரு முனையில் திரும்பிவிடும். கல்லறை இரண்டு. என் அம்மா இறந்தபோது பெட்டியைப் பெரிய தெரு வழியாகக் கோவிலுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று ஊரார் சொன்னார்கள். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. வயல்வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். அன்றிலிருந்து நான் அந்தக் கோவிலுக்குள் போவதில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார். அதே இடப்பக்கச் சிறகில் உட்காருகிறார்.

இது எங்கள் ஊரின் வினோதமல்ல. அப்பா நடந்த வழியின் முதல் பெரிய ஊர் புதுச்சேரி. அங்கே கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றதையும், ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதற்கு 263 வருஷங்களுக்குப் பிறகு, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில், கோவிலிலும் சவ ஊர்வல வழியிலும் சம இடம் கேட்டு, அது கிடைக்காமல் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள் தலித் கத்தோலிக்கர்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். எங்கள் ஊர்க் கோவிலில் சுவர் இருந்ததில்லை. அங்கே சுவருக்கு அவசியம் ஏற்படவில்லை. எங்கே நிற்க வேண்டுமென்று ஒவ்வொருவர் காலுக்கும் தெரியும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் சிதம்பரத்தில் டீ குடிக்க இறங்கியபோது கேட்டேன். "நம்ம ஊர்லயே மாதா இருக்கறப்ப ஏம்ப்பா அவ்ளோ தூரம் நடந்த?"

அப்பா டீயை முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க எந்த ஊருன்னு கேப்பாங்க. எந்தத் தெருன்னு கேக்கமாட்டாங்க." கார்க் கதவைத் திறந்துகொண்டே சேர்த்துக்கொண்டார்: "ஆனா நான் அதுக்காகப் போகல. அம்மா கண்ணுக்குத்தான் போனேன்."

இந்த இரண்டு வாக்கியங்களையும் என்ன செய்வது? மார்க்ஸையும் ஃப்ராய்டையும் படித்த நமக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. சொல்லப்படும் காரணத்துக்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஒன்றைத் தேடுகிறோம். கண்டுபிடித்ததும் முதலாவது முகமூடியாகிவிடுகிறது, இரண்டாவது முகமாகிவிடுகிறது. இந்தக் கணக்குப்படி அப்பாவின் பக்தி முகமூடி, ஜாதியின் வலி முகம். முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை அவருடைய பிரக்ஞையின் போதாமை என்று தள்ளிவிடலாம். வசதியான வாசிப்பு. ஆனால் இதில் பாட்டியின் கண்கள் காணாமல் போய்விடுகின்றன. எங்கே உட்கார வேண்டுமென்று ஊர் ஒரு மனிதனுக்குச் சொல்லியிருக்கிறது. அவன் எதற்காக அழுதான் என்பதைப் படித்த மகன் சொல்கிறான். இரண்டு இடத்திலும் அவனைக் கேட்காமலே அவனைப் பற்றித் தீர்மானமாகிறது. மறுபக்கமும் உண்டு. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்தி ஜாதியைக் கடந்தது என்று நெகிழ்வதைத்தான் சாமியார்கள் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறார்கள். என் அம்மாவின் பெட்டி வரப்பில் போனபோது சாமியார் காத்த மௌனம் அந்த வகையைச் சேர்ந்தது.

யாத்திரை பற்றி ஒரு பிரபலமான கருத்தாக்கம் இருக்கிறது. விக்டர் டர்னரும் ஈடித் டர்னரும் 1978-இல் வெளியிட்ட நூலில், யாத்திரிகன் தன் சமூக அடுக்கிலிருந்து கொஞ்ச காலம் கழன்றுகொள்கிறான், வழியில் ஒரு சமநிலைக் கூட்டுறவு உண்டாகிறது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே இராவதி கார்வே பண்டரிபுரம் வரை வார்க்கரிகளோடு நடந்து பார்த்து எழுதிய கட்டுரை, 1962-இல் ஆங்கிலத்தில் வந்தது, வேறொன்றைச் சொல்கிறது. ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஜாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். அது அவரை உறுத்தியது.

அப்பாவின் அனுபவம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மேல்தெருக்காரர்களின் குழு ஒன்றும் அதே ரோட்டில் போய்க்கொண்டிருந்ததாம். பேசிக்கொண்டே நடந்தார்கள். கொப்புளத்துக்கு அவர்கள் வேப்பெண்ணெய் கொடுத்தார்கள். கையில் ஊற்றினார்கள், புட்டியைத் தரவில்லை. சமையல் தனித்தனி. வேளாங்கண்ணியில் தேர்க் கூட்டத்தில் மேல்தெருப் பெரியவர் ஒருவரின் முதுகோடு அப்பாவின் நெஞ்சு ஒட்டி ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. "அவரும் நகர முடியல, நானும் நகர முடியல" என்று சொல்லிச் சிரித்தார். திரும்பும்போது ஒரே ரயில் பெட்டி. விழுப்புரம் பிளாட்பாரத்தில் இறங்கியதும் இரண்டு குழுவும் தானாகப் பிரிந்து நடந்தன. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் சுதந்திரம் தொடங்கிய இடத்தை என்னால் குறிப்பிட முடியாது. முடிந்த இடம் விழுப்புரம் ஜங்ஷன்.

அது எவ்வளவு சிறிய பரப்பு என்பதை அந்த வருஷமே காட்டிவிட்டது. அப்பா திரும்பி வந்து நாலு மாதம் ஆகுமுன், 1968 டிசம்பர் 25 இரவு, அவர்கள் நடந்த அதே தஞ்சாவூர் ஜில்லாவில், வேளாங்கண்ணியிலிருந்து அதிக தூரமில்லாத கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் சேரியைச் சேர்ந்தவர்கள். கோவில் வளாகத்துக்குள் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை என்பதும், வளாகத்துக்கு வெளியே அந்தக் கேள்வி ஒன்றே போதுமானதாக இருந்தது என்பதும் ஒரே வருஷத்தின், ஒரே மண்ணின் உண்மைகள்.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். தெரு தெரியாததால் ஒருவன் சமமாக நடத்தப்படுவது சமத்துவம் அல்ல, அது மறைவு. தெரு தெரிந்த பிறகும் சமமாக நடத்தப்பட்டால்தான் அது சமத்துவம். வேளாங்கண்ணி அப்பாவுக்குத் தந்தது முதலாவதை. கூட்டம் தந்ததை மாதா தந்ததாக அவர் எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். இன்னும் கடுமையாகவும் சொல்ல முடியும். வருஷத்தில் சில நாள் வெளியே போய் மூச்சுவிட்டு வருகிறவர்கள் இருப்பதால்தான் ஊர்க் கோவில் மாறாமல் இருக்க முடிகிறது. அழுத்தம் அங்கே சேர்வதில்லை. எங்கோ கடற்கரையில் மெழுகுவர்த்தியாக எரிந்து தீர்ந்துவிடுகிறது.

காரைக்காலைத் தாண்டும்போது இதை அப்பாவிடம் சொன்னேன், இதே வார்த்தைகளில் அல்ல. அவர் கோபப்படவில்லை. "நீ கோவிலுக்கு வராம நின்னுட்ட. நான் போயி உக்காந்துட்டு இருக்கேன். எடத்த விட்டது நீயா நானா?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை என்பதல்ல முக்கியம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான். உட்கார்ந்திருப்பதும் ஒரு செயல் என்கிறார். ஐம்பது வருஷங்களுக்கு மேலாக ஞாயிறுதோறும் தன் உடம்பை அந்தக் கூரையின்கீழ் கொண்டுபோய் வைப்பதால், இது உங்கள் கோவில் மட்டும் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்கிறார். வெளியேறியவனுக்கு அந்தப் பிடி இல்லை. எனக்கு இதற்கு ஒரு பதில் உண்டு, அதை விட்டுக்கொடுக்கவும் நான் தயாரில்லை. அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கென்று ஒதுக்கப்பட்ட இடப்பக்கச் சிறகை. ஒதுக்கப்பட்ட இடத்தைக் காத்துவருவது உரிமையா, காவல் வேலையா? காருக்குள் இரண்டு பேரும் மேலே பேசவில்லை. நாகப்பட்டினம் வந்துவிட்டது.

1843-இல் கீர்க்கெகார்ட் எழுதிய 'மீளல்' என்ற சிறு நூலில் ஒருவன், முன்பு தான் பெர்லினில் கழித்த நாட்களை மறுபடி அனுபவிக்க முடியுமா என்று பார்க்க அதே ஊருக்கு, அதே விடுதிக்கு, அதே நாடகக் கொட்டகைக்குப் போகிறான். ஒன்றும் திரும்பக் கிடைப்பதில்லை. தன் அனுபவத்தையே மீட்க முடியாதென்றால் இன்னொருவர் அனுபவத்தை மீட்பதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அப்பாவின் 1968 எனக்கும் கிடைக்காது, அவருக்கும் கிடைக்கவில்லை. இப்போது வேளாங்கண்ணியில் அவர் படுத்துறங்கிய மணல் எது என்று காட்ட முடியவில்லை, லாட்ஜுகள் நிற்கின்றன. பெற்றோரின் பிரயாணத்தைப் பின்தொடர்வதில் கிடைக்கக்கூடியது அந்த அனுபவம் அல்ல என்று எனக்குப் படுகிறது. அவர் சொன்ன காரணமும் நான் காணும் காரணமும் ஒன்றையொன்று விழுங்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். வேண்டுதல் அவருடையது; அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தெரு எங்கள் இருவருடையது. அதைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல அவருக்கும் உரிமையில்லை. வேண்டுதல் பரம்பரையாக வருவதில்லை. தெரு வருகிறது.

கோவிலில் வரிசை நீளமாக இருந்தது. கொடியேற்றம் முடிந்த மறுநாள். எங்களுக்கு முன்னால் நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "எந்த ஊரு?" என்றார். திண்டிவனம் பக்கம் என்றேன். அவர் விக்கிரவாண்டிக்காரர், முகம் மலர்ந்து ஊரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்கு அங்கே சம்பந்தம் இருக்கிறதாம். அடுத்து, 1968-இல் கேட்கப்படாத அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஊர்ல எந்தத் தெரு?" பஸ்ஸும் காரும் ஒரே மாவட்டத்தையே கொண்டுவந்து வரிசையில் நிறுத்தும்போது மறைவும் குறைந்துபோகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "மாதா கோவில் தெரு."

எங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு உண்டு. அதில் எங்களுக்கு வீடு இல்லை. அவர் சொன்னதைப் பொய் என்று கொள்ளலாம். ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஞாயிறுதோறும் போய் உட்கார்ந்த ஒருவர் தன் விலாசமாக அதைச் சொல்வதில் ஒரு கோரல் இருக்கிறது என்றும் கொள்ளலாம். அவர் முகத்தில் நடிப்பும் இல்லை, பயமும் இல்லை. கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த தடவை யாராவது கேட்டால் நம் தெருப் பெயரையே சொல்லப்போகிறேன் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சொல்லு," என்றார். "சொல்லிட்டு வரிசைய விட்டு நகராத."